ப்ராஜெக்ட் வாங்குவதற்கு முன்னாடி...

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கிடலாமா என்று யோசிக்கும் நண்பர்களே, ஒரு நிமிஷம்.

ஒரு எண் பகா எண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாஸ்கல் முக்கோணம் ஞாபகம் இருக்கா? 5-க்கான வரிசை 1, 5, 10, 10, 5, 1. ஓரத்து 1-களை விட்டால் எல்லாமே 5-ஆல் வகுபடும். 4-க்கு 1, 4, 6, 4, 1. இதில் 6 வகுபடாது. பகா எண் மட்டும்தான் இந்தச் சோதனையில் பாஸ் ஆகும். ஆனா 100 இலக்க எண்ணுக்கு வரிசையை எழுதி முடிக்கவே முடியாது.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஒரு வழி கிடைத்தது. கிரிவலத்தில் 14 கி.மீ. முடிஞ்சா கிளம்பின இடத்துக்கே வர்றோம் இல்லையா? அதுபோல அடுக்குகளைச் சின்ன வட்டத்தில் சுற்ற விட்டார்கள், கணக்கு சுருங்கியது. பகு எண் எதுவும் தப்பாதபடி கூடுதல் சோதனைகளும் வைத்து, அதை நிரூபித்தார்கள். 2002 ஆகஸ்டில் இதை வெளியிட்டவர்கள் பேராசிரியர் மணீந்திர அகர்வால், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா. விதை, அந்த இருவரின் பி.டெக். ப்ராஜெக்ட்! 2006-ல் கோடெல் பரிசும் கிடைத்தது.

ஐ.ஐ.டி. வசதி நமக்கு இல்லை, உண்மைதான். ஆனா இந்த முக்கோணத்துக்கு லேப் தேவையில்லை. 'இது ஏன் இப்படி?' என்று கேட்கிற பழக்கம்தான் தேவை. வாங்கின ப்ராஜெக்ட்டில் அது வராது.

6, 7-க்கான வரிசைகளை இப்பவே எழுதிப் பாருங்க. எது பாஸ்?