ஊசிப் பேனா வேலை செய்யாதபோது



உங்கள் வீடுகளுக்கு வரும்போதும், ஆராதனை முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போதும், ஒரு கேள்வி இப்போது அடிக்கடி என் காதில் விழுகிறது. "ஐயா, எடை குறைய வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறதாமே? வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமாமே?" நான் மருத்துவமனைச் சிற்றாலயப் போதகர், மருத்துவர் அல்ல. அந்த மருந்து உங்களுக்கு ஏற்றதா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த ஊசிப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு வராந்தாவில் விழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நம் மருத்துவர்களும் சிஸ்டர்களும் சொன்னவற்றைக் கேட்டு, எழுதி, திரும்ப அவர்களிடமே காட்டித் திருத்திக்கொண்டு, இந்த மாதப் பாடமாகத் தருகிறேன்.

ஒரு டீச்சரம்மாவின் அனுபவம்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர் ஒன்றாம் எண் பேருந்தில் வந்திறங்கினார். சர்க்கரையும் உண்டு, எடையும் அதிகம், முழங்கால் வலியால் கோவில் வீதியைச் சுற்றி வருவதுகூட நின்றுபோயிற்று. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஊசிப் பேனாவுக்கு வெளியூரில் இருக்கும் மகன் பணம் அனுப்பியிருந்தார். நாலு வெள்ளிக்கிழமை ஊசி போட்டு முடித்தாயிற்று. அடுத்த நாள் மருத்துவர் அளவைக் கூட்டப்போகிறார்.

"ஐயா, பசி கொஞ்சமும் குறையவில்லை. குமட்டல் வரும் என்றார்கள், அதுவும் இல்லை. எனக்கு இந்த மருந்து பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் ஊசி மட்டும் அருமை. நாலு வாரமும் வலியே தெரியவில்லை" என்றார்.

அருகிலிருந்த சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "டீச்சர், எப்படிப் போட்டீங்க? ஒரு தடவை செய்து காட்டுங்க" என்று ஒரு புதிய ஊசி முனையைக் கொடுத்தார். அம்மா காகிதத்தைக் கிழித்தார், ஊசி முனையைப் பேனாவில் திருகினார், பெரிய மூடியைக் கழற்றினார், பேனாவை வயிற்றருகே கொண்டுபோனார்.

"அப்படியே நிறுத்துங்க" என்றார் சிஸ்டர்.

ஊசி முனைக்கு இரண்டு மூடிகள் உண்டு. வெளியே ஒரு பெரிய மூடி. அதற்குள் ஊசியை ஒட்டியபடி ஒரு மெல்லிய சிறு மூடி. அம்மா நாலு வாரமும் உள்மூடியை எடுக்கவே இல்லை. பொத்தானை அழுத்தினார், ஜன்னலில் சுழியம் வந்தது, மருந்தும் வெளியே வந்தது. உள்மூடிக்குள் நிறைந்து தோலின்மேல் வழிந்தது. "ஈரமாக இருந்ததே, ஸ்பிரிட் என்று நினைத்தேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, இதைப் போய்க் கேட்பதா என்று வெட்கமாக இருந்தது" என்றார். மகனுடைய பணத்தை நினைத்து அழுதார்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று தப்பியது. இந்த மருந்துகளை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, வயிறும் குடலும் பழகப் பழகத்தான் கூட்டுவார்கள். ஒரு துளியும் உள்ளே போகாத உடம்பில் மறுநாள் இரண்டாம் படியின் அளவு ஏறியிருந்தால், கடுமையான வாந்தியும் நீரிழப்பும் வந்திருக்கக்கூடும். மருத்துவர் நடந்ததைக் கேட்டு, முதல் படியிலிருந்தே மறுபடி தொடங்கச் சொன்னார்.

இந்தப் பேனா எங்கிருந்து வந்தது?

1921ஆம் ஆண்டு கனடாவின் டொரன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோரின் ஆராய்ச்சியால் இன்சுலின் கிடைத்தது. பல பத்தாண்டுகள் நோயாளிகள் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்துப் பயன்படுத்தினார்கள். 1985இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் பேனா வடிவக் கருவியை வெளியிட்டது. குப்பியும் சிரிஞ்சும் ஒன்றாகி, சட்டைப் பையில் அடங்கின.

நம் நாட்டில் 2025 மார்ச் மாதம் மவுன்ஜாரோ என்ற பெயரில் டிர்செபடைடு மருந்து முதலில் குப்பியாக வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பேனாவாகவும் வந்தது. ஜூன் மாதம் வெகோவி என்ற பெயரில் செமாக்ளுடைடு மருந்து பேனாவில் வந்தது. குடலில் இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோனைப் போல இவை செயல்பட்டு, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தி, பசியைக் குறைக்கின்றன.

இதன் தேவையும் சிறியதல்ல. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் ஏறக்குறைய 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று அது கணக்கிட்டது. எனவே ஊசிப் பேனா இனி நம் வீடுகளில் பழகிய பொருளாகிவிடும். அதைச் சரியாகக் கையாளக் கற்பது அவசியம்.

சிக்கல்களும் தீர்வுகளும்

1. துளி வரவில்லை. ஊசி போடுமுன் பேனாவை மேல்நோக்கிப் பிடித்து, முனையில் ஒரு துளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சில பேனாக்களுக்கு ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். சிலவற்றுக்குப் புதிய பேனாவின் முதல் முறை மட்டும் போதும். பெட்டியிலுள்ள தாளைப் பாருங்கள். தாளில் சொன்னபடி மறுபடி செய்தும் துளி வராவிட்டால் ஊசி முனையை மாற்றுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் அந்தப் பேனாவைப் பயன்படுத்த வேண்டாம். உள்மூடியை எடுத்துவிட்டுத்தான் துளியைப் பார்க்க முடியும். டீச்சரம்மா இந்த ஒரு படியைச் செய்திருந்தால் முதல் வாரமே தவறு தெரிந்திருக்கும்.

2. பொத்தான் இறுகிக்கொள்கிறது. ஊசி முனையைச் சாய்வாகத் திருகினால் அதன் பின்முனை வளைந்து, பேனாவின் ரப்பரைத் துளைக்காமல் போகும். பழைய முனையை மறுபடி பயன்படுத்தினால் மருந்து உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: புதிய முனையை நேராக வைத்துத் திருகுங்கள். பலங்கொண்டு அழுத்த வேண்டாம்.

3. எண் சுழியத்துக்கு வரவில்லை. பாதியில் விரலை எடுத்துவிட்டால் மருந்தும் பாதிதான் போயிருக்கும். சுழியம் வரும்வரை அழுத்தி, வந்த பிறகும் விரலை எடுக்காமல் மெதுவாக எண்ணுங்கள். சில பேனாக்களில் 5 வரை, சிலவற்றில் 6 வரை. அதன்பின் ஊசியை வெளியே எடுங்கள். தோலில் சிறு துளி நின்றால் கவலை இல்லை. வழிந்து ஓடினால் எண்ணாமல் எடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

4. மருந்து போயிற்றா என்றே தெரியவில்லை. இன்னொரு முறை போட்டுக்கொள்ளவே கூடாது. மருத்துவரையோ சிஸ்டரையோ கேளுங்கள். குறைந்துபோன ஒரு வாரத்தைவிட இரட்டிப்பான ஒரு வாரம் அதிகத் துன்பம் தரும்.

5. நாள் தவறிவிட்டது. டிர்செபடைடு மருந்தானால் 4 நாட்களுக்குள்ளும், வெகோவியானால் 5 நாட்களுக்குள்ளும் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு, வழக்கமான அடுத்த நாளில் தொடருங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் தவறினால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். அளவைக் குறைத்துத் தொடங்க நேரிடலாம்.

6. நாலு முறைக்குப் பிறகும் பேனாவில் மருந்து மிச்சம் தெரிகிறது. மவுன்ஜாரோ பேனாவில் இது இயல்பு. கருவியின் அமைப்பே அப்படி. வீணாகிறதே என்று சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பது ஆபத்து.

7. ஊசி போட்ட இடம் தடித்துவிட்டது. ஒரே இடத்தில் போடுவதால் வருவது. வயிறு, தொடை என்று வாரந்தோறும் இடத்தை மாற்றுங்கள். கொப்பூழைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள். மேற்கையில் போட வேண்டுமானால் வேறொருவர் போடுவது நல்லது.

திருச்சியின் வெயில்

நம் ஊரில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது உங்களுக்குத் தெரியும். புதிய பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய பின் 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் மவுன்ஜாரோ பேனாவை 30 நாளும், வெகோவி பேனாவை 6 வாரமும் வைக்கலாம். ஆனால் நம் வீட்டுக் கூடமே மே மாதத்தில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகையால் கோடை முடியும்வரை ஃபிரிட்ஜே சரி.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஐஸ் கட்டும் அறையிலோ அதன் பக்கத்திலோ வைத்தால் மருந்து உறைந்துவிடும். உறைந்தது திரும்ப இளகித் தெளிவாகத் தெரிந்தாலும் பயன்படாது. சென்னையிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் கொண்டுவரும்போது பேனாவை ஐஸின்மேல் நேராக வைக்காமல் துணியில் சுற்றி வையுங்கள். ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போகாதீர்கள். கலங்கிப்போன மருந்தையும், துகள் மிதக்கும் மருந்தையும் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நன்மை செய்ய நினைத்துச் செய்யும் தவறு

இந்தப் பகுதியை நம் ஆதரவாளர்கள் குறிப்பாகக் கவனிக்கக் கேட்கிறேன். ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திய பேனாவை, "ஏழை நோயாளி யாருக்காவது கொடுங்கள் ஐயா" என்று கொண்டுவருகிறவர்கள் உண்டு. மனது நல்லது; ஆனால் நாங்கள் வாங்க இயலாது. ஊசி முனையை மாற்றினாலும், ஒருவர் பயன்படுத்திய பேனாவுக்குள் அவருடைய இரத்தத்தின் நுண்ணிய பகுதி பின்வாங்கிச் சென்றிருக்கலாம். அதன்வழி மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். கணவன் மனைவியும்கூட ஒரே பேனாவைப் பகிரக் கூடாது. பிரிக்காத பேனாவையும் வாங்குவதில்லை. அது எந்தச் சூட்டில் இருந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இது மருத்துவர் சீட்டுக்கு மட்டும் தர வேண்டிய மருந்து. கர்ப்பிணிகளுக்கும், தைராய்டு புற்றுநோயில் ஒருவகை குடும்பத்தில் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுப்போருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். நிற்காத வாந்தியோ, முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் போலிச் செமாக்ளுடைடு பற்றி எச்சரித்தது. எனவே உரிமம் உள்ள மருந்துக் கடையில் ரசீதோடு மட்டும் வாங்குங்கள்.

பயன்படுத்திய ஊசி முனையைக் குப்பைப் பையில் போடாதீர்கள். விடியுமுன் நம் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரின் கையில்தான் அது குத்தும். மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் உங்கள் மருத்துவமனையில் கேட்டு ஒப்படையுங்கள்.

சிந்திக்கவும் பேசவும்

பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் முதியோர் கூடுகையிலும் இவற்றைப் பேசலாம்:

1. நம் வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர் எப்படிப் போடுகிறார் என்று நாம் ஒரு முறையாவது அருகிலிருந்து பார்த்திருக்கிறோமா?

2. மருந்துப் பெட்டியில் உள்ள தாளின் சிறிய எழுத்தைப் பெரியவர்களுக்கு வாசித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

3. கேட்கக் கூச்சப்பட்டு நாம் எதையெல்லாம் தவறாகவே செய்துகொண்டிருக்கிறோம்?

டீச்சரம்மா மறுபடி முதல் ஊசியைச் சிஸ்டர் முன்னிலையில் போட்டுக்கொண்டார். "ஐயோ, குத்துகிறதே!" என்றார். "குத்தினால்தான் டீச்சர் உள்ளே போகும்" என்றார் சிஸ்டர். இருவரும் சிரித்தார்கள். இப்போது அவர் தெருவில் புதிதாகப் பேனா வாங்குகிறவர்கள் முதலில் அவரிடம்தான் காட்டுகிறார்களாம். அவர் கேட்கும் முதல் கேள்வி, "மூடி எத்தனை, எண்ணிச் சொல்லு" என்பதே.

உங்கள் அன்பின் ஊழியன்,
மருத்துவமனைச் சிற்றாலயப் போதகர்