முடிந்த கதையைத் தொடர்தல்

திருவண்ணாமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாக் காலத்தே பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். படுகளத்தில் துரியோதனன் வீழ்ந்ததும் பதினெட்டாம் நாட் போர் முடிவெய்தும். ஆயினும், "அதன்பின் யாது நிகழ்ந்தது?" என்று வினவாத சிறுவர் இலர். கதை முடியலாம், கேட்போர் ஆவல் முடிவதில்லை. அம்முடிவு பற்றிக் கேட்டோர் இரு திறத்தாராய்ப் பிரிந்து நிற்பின், கதையைத் தொடர்வோன் பணி மிக அரிதாகும். இதனை விளக்கும் சான்று ஒன்று நம் தமிழிலேயே உண்டு.

கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி இயற்றிய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் வெளிவந்தது. ஐந்து பாகங்களாகிய அந்நெடுங்கதையின் இறுதிப் பாகம் 'தியாகச் சிகரம்' என்பது. அதில் அருள்மொழிவர்மன் தனக்கென வந்த மணிமுடியைத் தன் சிறிய தந்தையாகிய உத்தம சோழனுக்குச் சூட்டுகின்றான். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பது ஐயத்திற்கு இடமாகவே நிற்கின்றது. மணிமேகலை என்னும் நங்கை வந்தியத்தேவன் மடியில் உயிர் நீக்கக் கதை முற்றுப்பெறுகின்றது.

இம்முடிவைச் சிலர் போற்றினர். கதை திடீரென நின்றுவிட்டது எனப் பலர் குறைகூறினர். கல்கி ஒரு முடிவுரை எழுதி, வரலாற்றுக் கதை முழுக் கற்பனைக் கதைபோல் முடிதல் இயலாது என விளக்கினார். கதைமாந்தர்க்குப் பின்னர் நேர்ந்தவற்றையும் குறிப்பிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். வினாக்கள் எஞ்சின, விடை கூறுவார் இலராயினர்.

பின்னர், 'அமுதசுரபி' ஆசிரியராக விளங்கிய விக்கிரமன், 'நந்திபுரத்து நாயகி' என்னும் புதினத்தால் அக்கதையைத் தொடர்ந்தார். அப்பணியில் உள்ள இடர்ப்பாடுகளை எண்ணிப் பாருங்கள். முடிவைப் போற்றியவர்க்கு எதைச் சேர்ப்பினும் மிகையாகும். முடிவை வெறுத்தவரோ அதனை மாற்றித் தருமாறு வேண்டுவர். மேலும், தன் சிறிய தந்தை விரும்பிய வரையில் அருள்மொழி அரசை விழையவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. அவன் இராசராசனாக அரியணை ஏறியது 985ஆம் ஆண்டிலேயாம். இடைப்பட்ட காலத்தில் உத்தம சோழனைக் கொடியவனாகக் காட்டின், அருள்மொழியின் தியாகம் பேதைமையாய் முடியும். நல்லவனாகவே காட்டின், கதைக்கு வேண்டிய போராட்டம் குன்றும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள குறுகிய வழியே தொடர்வோனுக்கு உரியது.

பிற நாட்டாரும் இவ்விடரை அறிவர். ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் 1893இல் தம் துப்பறிவாளன் ஷெர்லக் ஹோம்ஸ் மாண்டதாகக் கதை முடித்தார். படித்தோர் வருந்தினர். 1903இல், அவன் மாளவே இல்லை எனக் கூறி அவனை மீட்டார். நம் காலத்து வீடியோ கேம்களிலும் இது நேர்ந்தது. 'மாஸ் எஃபெக்ட்' என்னும் தொடரின் மூன்றாம் பகுதி 2012இல் வெளிவந்தது. அதன் முடிவை ஆடுவோரே சிலவற்றுள் ஒன்றாகத் தேர்ந்துகொள்வர். அம்முடிவுகள் பலர்க்கு மனநிறைவு தரவில்லை. அவ்வாண்டே விளக்கமான முடிவுக் காட்சிகளைச் சேர்த்தளித்தனர். 2017இல் வந்த அடுத்த ஆட்டத்தையோ வேறொரு விண்மீன்திரளில் நிகழ்வதாக அமைத்தனர். ஒருவர் தேர்ந்த முடிவு மற்றொருவர் தேர்ந்ததன்று. எதனை மெய்யெனக் கொண்டு தொடர்வது? ஆதலின், அவ்விடத்தை விட்டே அகன்றனர்.

மறுத்தல் ஒரு வழி. விலகிச் செல்லல் மற்றொரு வழி. மூன்றாம் வழி ஒன்றும் உண்டு. அதனை எனக்குக் காட்டியவள் ஒரு சிறுமி. வேங்கிக்காலில் என் இல்லத்திற்குத் தமிழ் பயில வந்த அவள், மணிமேகலை உயிர் பிழைத்தெழுவதாக ஓர் அத்தியாயம் எழுதிவந்தாள். "ஐயா, அவள் இறந்தது எனக்குப் பொறுக்கவில்லை" என்றாள். "அம்மா, அவள் பிழைத்தாளாயின், நீ இத்தனை நாள் வருந்தியது எதற்காக?" என்று வினவினேன். விடை கூறாது சென்றாள். ஒரு வாரம் கழித்து வேறோர் அத்தியாயம் கொணர்ந்தாள். அதில் மணிமேகலை இல்லை. அவளை இழந்த வந்தியத்தேவன் தனிமையில் வீரநாராயண ஏரிக்கரையில் நிற்கின்றான். படித்து முடித்தபோது என் கண்கள் கலங்கின. முடிவை அவள் அழிக்கவில்லை. அதன் துயரையே தன் கதைக்கு வித்தாக்கினாள்.

வில்லிபுத்தூரார் பதினெட்டாம் நாட் போரோடு நிறுத்திய பாரதத்தைப் பின்வந்த நல்லாப்பிள்ளை விரித்துப் பாடினார். ஒன்று மற்றொன்றை அழித்திலது, இரண்டும் நின்றன. மாணவர்களே! முன்னோர் முடித்த பணியை நீங்களும் ஒருநாள் தொடர நேரும். அவர் முடிவு உங்களுக்கு உவப்பாயினும் வெறுப்பாயினும், அதனை மறையாது ஏற்று, அவர் விட்ட இடத்திலிருந்து அடியெடுத்து வையுங்கள்.

வினாக்கள்

1. 'பொன்னியின் செல்வ'னைத் தொடர்வோர்க்கு நேரும் இடர்ப்பாடுகள் யாவை?
2. சிறுமி எழுதிய இரண்டு அத்தியாயங்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. நீ படித்த கதை ஒன்றின் முடிவை மாற்றாமல், அதனைத் தொடர்ந்து ஒரு பத்தி வரைக.