எதிர்பார்ப்புத் தேதியைக் கையால் மாற்றலாமா?

கேள்வி: கட்டுமான அட்டவணையைப் புதுப்பிக்கும்போது, இன்னும் முடிவடையாத வேலைகளின் தேதிகளை நேரடியாக மாற்றி எழுதலாமா?

பதில்: கூடாது. எதிர்பார்ப்புத் தேதி கணக்கீட்டின் விளைவு. முதலில் ‘டேட்டா டேட்’ எனும் நிலவரத் தேதியைக் குறிக்க வேண்டும். அதற்கு முன் தொடங்கியவை, முடிந்தவை எல்லாவற்றுக்கும் உண்மைத் தேதி வேண்டும். மீதமுள்ள எந்த வேலையும் அந்தத் தேதிக்கு முன்னால் நிற்கக் கூடாது.

பாதியில் நிற்கும் வேலைகளில்தான் கவனம் அதிகம் தேவை. 10 நாள் திட்டமிட்ட தூண் கான்கிரீட் வேலையில் 5 நாள் கழிந்துவிட்டதால் மீதி 5 நாள் என்று எழுதுவது தவறு. களப் பொறியாளர் இன்னும் 7 நாள் ஆகும் என்றால், மீதக் காலம் 7. பிறகு மென்பொருளை மறுகணக்கிட விட்டால், தொடர்ந்து வரும் வேலைகள் தாமாக நகரும்.

மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் தானாகக் கணக்கிடப்படும் வேலைக்குத் தொடக்கத் தேதியைத் தட்டச்சு செய்தால், ‘இதற்கு முன் தொடங்காது’ என்ற கட்டுப்பாடு சேர்ந்துவிடும். முந்தைய வேலை சீக்கிரம் முடிந்தாலும் இந்த வேலை முன்னே வராது. பொருள் வந்து சேரும் நாள் போன்ற உண்மையான தடைக்கு மட்டுமே அத்தகைய கட்டுப்பாடு பொருந்தும். அதற்கான காரணத்தையும் குறித்து வைப்பது நல்லது.

புதுப்பிக்கும்போது, ‘பேஸ்லைன்’ எனும் அடிப்படை அட்டவணையைத் தொடவே கூடாது. தாமதம் அதை வைத்தே அளக்கப்படுகிறது.