பெட்டி பெரிதானால் பயம் தீருமா?

வெளியூர்ப் பயணம் என்றாலே, கூட நாலு பொருள் எடுத்துக்கொண்டால் போகிற இடத்தில் சிரமம் இருக்காது என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. மூன்று நாள் ஊட்டிக்கு ஆளுக்கு ஏழு செட் துணி ஏறுவது இதனால்தான். ஆனால் பயணத்தில் உண்மையில் திண்டாட வைப்பவை வேறு. சர்க்கரை மாத்திரை, மூக்குக்கண்ணாடி, அடையாள அட்டை, சார்ஜர் இவற்றில் ஒன்று வேண்டிய நேரத்தில் கைக்கு அகப்படாமல் போவதுதான் பெரும்பாடு. எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிலோ தேறாது. கூடுதல் துணி இவற்றுக்குப் பாதுகாப்பு ஆவதில்லை. அடியில் போட்டுப் புதைத்துவிடுகிறது. விமானத்தில் இது இன்னும் ஆபத்து. சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்துபோனால் வீரியம் கெட்டுவிடும். அதனால்தான் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பவர் பேங்க்கை அந்தப் பெட்டியில் போட அனுமதியே கிடையாது.

ரயிலில் யார் எடை போடுகிறார்கள் என்று கேட்கலாம். விதி இருக்கத்தான் செய்கிறது: ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் தலைக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரைதான் இலவசம். இந்தக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பல சிறிய நிலையங்களில் வண்டி நிற்பது வெறும் 2 நிமிடம் என்பது. அதற்குள் குழந்தையையும் நாலு பெட்டியையும் இறக்க வேண்டும். ஓடத் தொடங்கிய வண்டியிலிருந்து இறங்கத் துணிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரத்தில்தான். சீட்டுக்கு அடியில் நுழையாத பெட்டி நடைவழியில் நிற்கும். விளக்கணைத்த ரயில் பெட்டியில் கழிவறைக்கு எழுந்து போகும் முதியவர் அதில்தான் தடுக்கி விழுவார். நம் பயத்துக்காக எடுத்த சுமையின் விலையை முன்பின் தெரியாத ஒருவர் கொடுப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

குளிர் பிரதேசத்துக்கு வேறு வழியில்லையே என்பது நல்ல கேள்வி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகள் உறைநிலையை ஒட்டிப் போகும். ஆனாலும் உடம்புச் சூட்டைக் காப்பது துணியின் கனமல்ல, அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று. உள்ளே ஒரு பனியன், மேலே சட்டை, அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர் என்று போட்டால் தடித்த கோட்டு செய்கிற வேலையைச் செய்யும். வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடியும். ஜீன்ஸை மூன்று நான்கு என்று அடுக்குவதில் பலனே இல்லை: கனம் அதிகம், நனைந்தால் அந்தக் குளிரில் ஓர் இரவில் காயாது. கல்யாணத்துக்குப் போகிறவர் பட்டுச்சேலை எடுப்பதையும், கைக்குழந்தைக்காரர் பால் பவுடரையும் மாற்றுத்துணியையும் தாராளமாக வைப்பதையும் குறைசொல்ல மாட்டேன், அவை தேவை. புளியோதரைப் பொட்டலத்தையும் விடச்சொல்ல மாட்டேன், போகும் வழியிலேயே தீர்ந்துவிடும். சோப்பு, பேஸ்ட், எண்ணெய் எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை அப்படிக் கிடைக்காது. அதை மட்டும் போகிற நாட்களைவிட இரண்டு நாளுக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள்.