சிற்றில் இழைத்தல்: தமிழ் இலக்கியம் காட்டும் கட்டுமான விளையாட்டும் புறநகர்க் குழந்தைகளின் முன்பருவக் கல்வியும்

ஆய்வுச் சுருக்கம்

மணலில் சிறுவீடு கட்டி விளையாடும் சிற்றில் விளையாட்டு சங்க அகப்பாடல்களிலும் பக்தி இலக்கியத்திலும் பிள்ளைத்தமிழிலும் தொடர்ந்து இடம்பெறுகிறது. இதனை மகளிரின் பொழுதுபோக்காகவோ தலைவன் தலைவியரின் சந்திப்புக்குரிய களமாகவோ கொள்வதே ஆய்வாளரிடையே பெருவழக்கு. சிற்றில் இழைத்தலை உழைப்பும் கருவியும் முறையும் உடைய ஒரு செய்தொழிலாகவும், கற்றுப் பெறும் திறனாகவும் பாடல்களே காட்டுகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அக்கருத்து, சென்னையின் மேற்குப் புறநகரான கோவில்பதாகை போன்ற ஊர்களில் வளரும் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் கல்விக்கு எவ்வாறு பயன்படும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிற்றில், சிறுமனை, வண்டல், புனைதல், பிள்ளைத்தமிழ், கட்டுமான விளையாட்டு, முன்பருவக் கல்வி

முன்னுரை

குழந்தைகள் பொருள்களை அடுக்கியும் இணைத்தும் குழைத்தும் ஒன்றை உருவாக்கி விளையாடுவதைக் கல்வியியலார் கட்டுமான விளையாட்டு என்பர். இதன் வரலாற்றை எழுதுவோர் ஜெர்மானியக் கல்வியாளர் பிரெடரிக் ஃபிரோபலிடமிருந்து தொடங்குவது மரபு. அவர் 1837இல் பாட் பிளாங்கன்பர்க்கில் நிறுவிய பள்ளியே கிண்டர்கார்டன் எனப் பின்னர்ப் பெயர் பெற்றது. அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்களுள் எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் மரக் கனசதுரமும் ஒன்று. தமிழகத்துக்கு இம்மரபு நேரடியாக அறிமுகமான நிகழ்வுகளுள் முதன்மையானது, மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தது.

இவ்வரலாற்றில் தமிழ்ச் சான்றுகள் இடம்பெறுவதில்லை. அவை இல்லாமையால் அன்று. அகப்பொருள் மரபுக்குள் அமைந்திருப்பதால் அவை காதற்சுவைக்காகவே படிக்கப்பட்டு, அவற்றிலுள்ள செய்திறன் கவனம் பெறாமற் போயிற்று. இக்கட்டுரை அப்பாடல்களைச் செய்திறனின் நோக்கிலிருந்து மீள்வாசிப்புச் செய்கிறது.

சொல்லும் பொருளும்

சிற்றில் என்னும் சொல் சங்க இலக்கியத்தில் இரு பொருளில் வழங்குகிறது. காவற்பெண்டு பாடிய புறநானூறு 86ஆம் பாடலில் அது மக்கள் வாழும் சிறிய வீட்டைக் குறிக்கிறது. அகநானூறு 110, கலித்தொகை 51, 111 ஆகியவற்றில் மணலால் அமைத்த விளையாட்டு வீட்டைக் குறிக்கிறது. குறுந்தொகை 326 இவ்விளையாட்டு வீட்டைச் சிறுமனை என்கிறது. வாழும் வீட்டுக்கும் விளையாட்டு வீட்டுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது கருதத்தக்கது. விளையாட்டு வீடு போலி வீடாகப் பெயரிடப்படவில்லை. அளவில் சிறிய வீடாகவே பெயரிடப்பட்டுள்ளது.

இவ்விளையாட்டோடு சேர்ந்து வரும் வினைச்சொற்கள் இரண்டு. ஒன்று இழைத்தல். நுணுகிச் செய்தலைக் குறிக்கும் இச்சொல், மரத்தை மழமழப்பாக்கும் தச்சுவேலைக்கு இன்றும் வழங்குகிறது. அக்கருவியின் பெயரும் இழைப்புளியே. மற்றொன்று புனைதல். அணிசெய்தல், மாலை தொடுத்தல், செய்யுள் இயற்றல் ஆகியவற்றுக்கு உரிய இச்சொல்லைக் கலித்தொகை சிற்றிலுக்கு ஆள்கிறது. கையால் கட்டுவதும் மனத்தால் கற்பிப்பதும் குழந்தையிடம் பிரிந்து நிற்பதில்லை. மணலைக் குவிக்கும்போதே அது சுவராகவும் அடுப்பாகவும் ஆகிவிடுகிறது. அவ்விரண்டையும் ஒருங்கே சுட்டும் சொல்லாகப் புனைதல் அமைந்துள்ளது.

பாடல்கள் காட்டும் செய்முறை

அகநானூறு 110ஆம் பாடலில் மகளிர் கடலாடி, சிற்றில் இழைத்து, சிறுசோறு குவித்து, அவ்வாறு உழைத்த களைப்புத் தீரச் சிறிது அமர்ந்திருக்கின்றனர். கட்டுதலும் கட்டிய இடத்தில் வாழ்வதுபோல் நடித்தலும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. களைப்பு என்னும் செய்தி விளையாட்டின் உடலுழைப்பைப் புலப்படுத்துகிறது.

ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுவதும் சிற்றிலைப் பற்றியது. அதன் பாசுரங்களைத் தொகுத்து நோக்கினால் செய்முறை தெளிவாகக் கிடைக்கிறது. காலம் பங்குனி. இடம் வீதி. பொருள் நுண்ணிய வெண்மணல். அம்மணல் அப்படியே எடுத்தாளப்படவில்லை, தெள்ளி எடுக்கப்படுகிறது. கருவிகள் வாய் வட்டமான சிறு தூதையும் சுளகும். தூதை என்பது சிறு மட்கலம். சுளகு தென்மாவட்டங்களில் இன்றும் அப்பெயரோடு வழங்க, சென்னைப் பகுதியில் முறம் எனப்படுகிறது. நாள் முழுதும் முதுகு நோவ அமர்ந்து இழைத்ததாகச் சிறுமியர் கூறுகின்றனர். பொருளைத் தேர்தல், தரம் பிரித்தல், அளவோடு பெய்தல், வடிவமைத்தல், அணிசெய்தல் என்னும் ஐந்து நிலைகள் இங்கே அமைந்துள்ளன.

அமெரிக்கக் கல்வியாளர் ஹேரியட் ஜான்சன் 1933இல் வெளியிட்ட நூலில், மரக்கட்டைகளைக் கொண்டு விளையாடும் குழந்தைகளின் வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்தார். கட்டைகளைச் சுமந்து திரிதல், வரிசையாகவும் கோபுரமாகவும் அடுக்குதல், பாலம் அமைத்தல், சுற்றடைத்தல், ஒழுங்கான கோலங்கள் அமைத்தல், கட்டியதற்குப் பெயரிட்டு நடித்தல், கண்ட கட்டடத்தைப் போலச் செய்தல் என அவை அமையும். சுற்றடைத்தல் முதலான பிற்பட்ட நிலைகளுக்குரிய கூறுகள் சிற்றிற் பாடல்களில் காணப்படுகின்றன. பாலம் அமைத்தல் மட்டும் மணலுக்கு அரிது. ஈரமணலில் காலை நுழைத்து, மேலே மணலைத் தட்டி இறுக்கி, மெல்லக் காலை உருவிக் குகைபோன்ற வீடு செய்யும் வழக்கம் அக்குறையை ஓரளவு தீர்க்கிறது. மணல்துகள்களுக்கு இடையே உள்ள சிறிதளவு நீர் அவற்றைப் பிணைத்து நிறுத்துகிறது. நீர் குறைந்தாலும் மிகுந்தாலும் கூரை சரியும். இந்த அளவைக் குழந்தை சொல்லிக் கேட்டு அறிவதில்லை, சரிந்த கூரையிடம் கற்கிறது.

கற்றல் என்னும் சான்று

சிற்றிலைக் கல்வியோடு நேரடியாக இணைக்கும் பாடல் முல்லைக்கலியில் உள்ளது. கலித்தொகை 111இல், ஆயர்குலத் தலைவி சிற்றில் இழைக்கும் இடத்துக்கு வரும் தலைவன், தானும் சிறிது புனைந்து தரலாமா எனக் கேட்கிறான். அவளோ, பிறர் கட்டிய வீட்டில் குடியிருக்க விரும்புபவன் நீ, எதையும் கற்றவன் அல்லை என்று எள்ளுகிறாள். மணந்து தனக்கென ஓர் இல்லறம் அமைத்துக்கொள்ளாமல் களவிலேயே காலம் கழிக்கிறான் என்பது இதன் உள்ளுறை. ஆயினும் அந்த எள்ளல் பொருள்பட வேண்டுமாயின், வீடு கட்டுதல் கற்க வேண்டிய ஒன்று, தான் கட்டாத வீட்டில் இருப்பவன் அதனைக் கல்லாதவன் என்னும் கருத்து கேட்போருக்கு முன்னரே உடன்பாடாக இருந்திருத்தல் வேண்டும்.

இதனோடு குறுந்தொகை 61ஆம் பாடலை ஒப்பிடலாம். தும்பிசேர்கீரன் பாடிய அப்பாடல், தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும் கையால் இழுத்தே இன்புறும் சிறுவரை உவமையாக்குகிறது. தச்சன் செய்து முடித்த பொருளை இழுத்து மகிழ்வது ஒரு வகை. தானே செய்து மகிழ்வது மற்றொரு வகை. சங்கப் பாடல்கள் இரண்டையும் அறிந்திருந்தன. கற்றலைச் சிற்றிலோடு இணைத்தது கலித்தொகை.

இழைப்போரும் சிதைப்போரும்

கலித்தொகை 51இல் தலைவன் சிறுவனாக இருந்தபோது தெருவில் சிறுமியர் கட்டிய மணற்சிற்றிலைக் காலால் சிதைத்ததும், கூந்தலில் சூடிய மாலையை அறுத்ததும், பந்தைப் பறித்து ஓடியதும் நினைவுகூரப்படுகின்றன. நாச்சியார் திருமொழியில் கண்ணனை நோக்கிச் சிற்றிலைச் சிதைக்க வேண்டா எனச் சிறுமியர் இரக்கின்றனர். இவ்வமைப்பைப் பிள்ளைத்தமிழ் மரபு ஆண்பாற்குரிய ஒரு பருவமாகவே நிலைநிறுத்தியது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அவற்றின் இடத்தில் கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன அமைந்தன. இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ்களுள் பழமையான ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் 12ஆம் நூற்றாண்டினது.

பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார்மீது 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடிய பிள்ளைத்தமிழும் இவ்விலக்கணத்துக்கு உட்பட்டதே. பெரியபுராணம் என்னும் பெருங்காப்பியத்தைக் கட்டி எழுப்பியவரும் மரபின் கட்டளையால் சிற்றில் சிதைக்கும் சிறுவராகவே அமைகிறார்.

இதனால் இரு விளைவுகள் நேர்ந்தன. முதலாவது, கட்டும் திறன் பெண்குழந்தைக்கும் சிதைக்கும் குறும்பு ஆண்குழந்தைக்கும் உரியனவாகப் பகுக்கப்பட்டன. இரண்டாவது, கட்டுமானம் பற்றிய செய்திகள் பெரிதும் முறையீட்டின் வாயிலாகவே நமக்குக் கிடைக்கின்றன. மணல் தெள்ளியதும் முதுகு நொந்ததும், சிற்றில் சிதையும் என்னும் அச்சம் தோன்றிய இடத்தில்தான் சொல்லப்படுகின்றன. ஐங்குறுநூறு 124 இவ்வுணர்வின் ஆழத்தைக் காட்டும். தான் செய்த வண்டற்பாவையைக் கடலலை கவர்ந்துகொண்டதற்காக, நுண்மணலை அள்ளி எறிந்து கடலையே தூர்க்க முனைகிறாள் ஒரு சிறுமி. தான் செய்த பொருளின்மீது குழந்தைக்குள்ள உரிமையுணர்வை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

இங்கு ஒரு வரையறையும் சுட்டத்தக்கது. அகப்பாடல்களில் சிற்றில் இழைப்போர் பெரும்பாலும் பெதும்பைப் பருவத்தினரோ அதற்கு மேற்பட்டவரோ ஆவர். பாடல்கள் மரபுவழிப்பட்ட புனைவுகள், குழந்தைகளை நேரிற் கண்டு எழுதிய பதிவேடுகள் அல்ல. எனவே வயதுக்குரிய வளர்ச்சிநிலைகளை அவற்றிலிருந்து வரையறுத்தல் பொருந்தாது. கட்டுதலைத் தமிழ்ச் சமூகம் எவ்வாறு மதித்தது என்பதற்கே அவை சான்றாகும்.

கோவில்பதாகைச் சூழல்

திருவள்ளூர் மாவட்டத்தில், 2019இல் மாநகராட்சியான ஆவடியை ஒட்டி ஏரியோடு அமைந்த ஊர் கோவில்பதாகை. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரம் முழுவதும் போலவே இங்கும் மனைகள் வீடுகளாகி வருகின்றன. வீட்டைச் சுற்றியுள்ள இடத்துக்குச் சிமெண்ட் தளம் இடப்படுவதால் குழந்தைக்கு மண் எட்டாமற் போகிறது. குழந்தை காணும் மணல் பெரும்பாலும் கட்டுமானத்துக்காகத் தெருவோரம் குவித்ததே. அதுவும் ஆற்றுமணல் அரிதானபின் கல்லை உடைத்துச் செய்த எம்-சாண்டாக மாறிவிட்டது. கூர்முனைத் துகளும் தூசியும் கலந்த அது விளையாட்டுக்கு ஏற்றதன்று. சிமெண்ட் கலந்த கலவை தோலைப் புண்ணாக்கும். ஆகவே அக்குவியலிலிருந்து குழந்தையைப் பெற்றோர் விலக்குவது முறையே. விலக்கியபின் அதற்கு ஈடாக எது தரப்படுகிறது என்பதே வினா. பெரும்பாலும் தரப்படுவது தச்சன் செய்த தேரின் இக்கால வடிவமான, முடிக்கப்பட்ட நெகிழிப் பொம்மையே.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கப்பட்டது. மூன்று முதல் ஆறு வயதினர்க்கான முறைசாரா முன்பருவக் கல்வி அதன் பணிகளுள் ஒன்று. 2022இல் வெளியான அடிப்படைநிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் மூன்று முதல் எட்டு வயது வரையிலான கல்விக்கு விளையாட்டையே அடிப்படையாகக் கொள்கிறது. இவற்றுக்குள் சிற்றிலுக்கு இடமளிக்கப் புதிய திட்டம் தேவையில்லை. பின்வரும் நடைமுறைகள் போதுமானவை.

முதலாவது, பொருள். மையத்தின் நிழலான மூலையில் சலித்த ஆற்றுமணல் நிரப்பிய தொட்டி அமைக்கலாம். இரவில் நாய், பூனை அணுகாதவாறு மூடிவைத்தல் வேண்டும். சல்லடை, சிறு முறம், கொட்டாங்குச்சி, குவளை நீர் ஆகியன கருவிகளாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தச்சுப்பட்டறைகளில் எஞ்சும் மரத்துண்டுகளை விளிம்பு தேய்த்து அறைக்குள் பயன்படுத்தலாம். ஏரிக்கரைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லாமல், களிமண்ணைப் பெரியவர்களே கொணர்தல் பாதுகாப்பானது.

இரண்டாவது, பால்வேறுபாடு. சிறுவரும் சிறுமியரும் ஒரே தொட்டியில் சேர்ந்து கட்டுதல் வேண்டும். பாவாணர் 1954இல் எழுதிய தமிழ்நாட்டு விளையாட்டுகள் பற்றிய நூல், விளையாட்டுகளை ஆண்பால், பெண்பால், இருபால் எனப் பகுத்துக் காட்டுகிறது. சிற்றிலை இருபாற்குரியதாக்குவது மரபை முறிப்பதாகாது. கலித்தொகைத் தலைவனே சிற்றில் புனைய முன்வந்தவன்தான்.

மூன்றாவது, சிதைத்தல். ஒருவர் கட்டியதை அவரே சிதைக்கலாம், பிறர் சிதைத்தல் ஆகாது என்னும் ஒரே விதி போதும். முடிந்தவரை மறுநாள் வரை கட்டியதை விட்டுவைத்தல் நன்று. ஆசிரியர் அதனைத் திருத்தி முடித்துத் தருதலும் ஒருவகைச் சிதைத்தலே.

நான்காவது, சொல். வீட்டு உறுப்புகளின் பெயர்கள் கட்டும்போது எளிதில் பதியும். நிலை, படி, திண்ணை, தாழ்வாரம், முற்றம், உத்தரம் முதலியன அடுக்குமாடி வீட்டுக் குழந்தைக்குக் கண்ணால் காண வாய்ப்பற்ற சொற்கள். மணலில் திண்ணை ஒன்றைக் கட்டிய குழந்தைக்கு அச்சொல் பொருளோடு கிடைக்கும். தெருவில் பணிபுரியும் கொத்தனாரின் கரண்டியும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் இவ்வாறே உரையாடலுக்குள் வரலாம். இது என்ன என்று கேட்பதினும், உள்ளே யார் இருக்கிறார்கள், வழி எந்தப் பக்கம் என்று கேட்பது குழந்தையை மிகுதியாகப் பேசவைக்கும்.

முடிவுரை

சிற்றில் இழைத்தல் பொருள்தேர்வும் கருவியும் படிநிலையும் கொண்ட செய்தொழிலாகத் தமிழ்ப் பாடல்களில் பதிவாகியுள்ளது. கலித்தொகை அதனைக் கற்கத்தக்க திறனாகக் காட்டுகிறது. நாச்சியார் திருமொழி அதன் செய்முறையைத் தருகிறது. ஐங்குறுநூறு அதனோடு பிணைந்த உரிமையுணர்வைத் தருகிறது. பிள்ளைத்தமிழ் மரபு அத்திறனைப் பால்வழிப் பகுத்ததால், கட்டுதலினும் சிதைத்தலே இலக்கியப் பருவமாக நிலைபெற்றது. இச்சான்றுகளைக் கல்வியியல் நோக்கில் தொகுத்துரைப்பது தமிழாய்வின் பணியாகும். கோவில்பதாகையில் நாள்தோறும் வீடுகள் எழுவதைக் காணும் குழந்தைக்கு, தானும் ஒன்றைக் கட்டிப் பார்க்கும் வாய்ப்பு அமையாவிடின், பிறர் கட்டிய வீட்டில் இருப்பவன் என முல்லைக்கலித் தலைவி எள்ளிய நிலையே அதற்கும் நேரும். ஒரு தொட்டி மணலும் சிறிது நீரும் அந்நிலையைத் தவிர்க்கப் போதுமானவை.