ஓடிபியை யாரிடம் சொல்வது?

பார்வையற்ற ஒருவரால் ஓர் இணையதளத்தில் வேலையை முடிக்க முடியவில்லை என்றால், வீட்டில் யாரையாவது கூப்பிட்டுச் செய்துகொள்ளச் சொல்வதுதான் வழக்கம். வாடிக்கையாளர் சேவை மையத்தில் கிடைக்கும் பதிலும் அதுவே. நம்மில் பலரும் இதற்குப் பழகிவிட்டோம். பழகியிருக்கக் கூடாது என்பது என் கட்சி. சட்டம் நம் பக்கம் வந்து பல வருடங்கள் ஆகின்றன. அதை வேலை செய்ய வைக்க நம் கையில் இருப்பது துல்லியமாக எழுதப்பட்ட புகார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை நம்பியே இணையத்தில் புழங்கும் அனுபவத்தில் நான் வந்துசேர்ந்த முடிவு இது.

முதலில் சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு அலுவலகங்களை மட்டும் குறிவைத்தது அல்ல. அதன் 46ஆவது பிரிவு, சேவை அளிப்பவர் அரசோ தனியாரோ, அணுகல் விதிகளின்படியே சேவை தர வேண்டும் என்கிறது. விதிகள் வெளியான நாளிலிருந்து அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம். விதிகள் வந்தது 2017 ஜூனில். ஆனால் அந்த விதிகளில் 15(1), சட்டம் கட்டாயம் என்று சொன்னதை வெறும் பரிந்துரையாக நீர்த்துப்போகச் செய்திருந்தது. ராஜீவ் ரதுரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று அறிவித்து, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அடுத்து 2025 ஏப்ரலில், பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றே தீர்ப்பு வந்தது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களும், முழுப் பார்வையிழப்பு உள்ள ஒருவரும் கொடுத்த மனுக்கள் மீதான தீர்ப்பு அது. கேமரா முன்னால் கண் சிமிட்டினால்தான் கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பு முடியும் என்ற ஏற்பாடு அங்கே கேள்விக்கு உள்ளானது.

எதிர்வாதங்கள் உண்டு. வீட்டில் ஒருவர் உதவினால் போதாதா என்பது முதலாவது. ஓடிபியையும் பாஸ்வேர்டையும் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எல்லா வங்கிகளும் ஓயாமல் எச்சரிக்கின்றன. அப்படியிருக்க, படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்துத் தட்டச் சொல்லும் கேப்ட்சாவை, ஒலி வசதிகூட இல்லாமல், லாகின் பக்கத்தில் வைத்தால் பார்வையற்றவர் பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்பதும் யாரிடமாவது கேள் என்பதும் சேர்ந்து நிற்காது. பார்வையற்றவர்கள் எத்தனை பேர், அவர்களுக்காக இவ்வளவு செலவா என்பது அடுத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். செலவைப் பொறுத்தவரை, பட்டனுக்குப் பெயர் வைப்பது, படத்துக்கு விளக்கம் எழுதுவது, கீபோர்டால் மட்டுமே எல்லா இடத்துக்கும் போக வழிசெய்வது ஆகியவை தளத்தைக் கட்டும்போதே செய்தால் பெரிய வேலை அல்ல. கட்டி முடித்த பிறகு இடித்துத் திருத்துவதுதான் செலவு. அபராதம் சொற்பம், யார் பயப்படுவார்கள் என்ற கேள்வியில் மட்டும் நியாயம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 89ஆவது பிரிவின்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரைதான். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பெரிய நிறுவனத்துக்கு இது பணமே அல்ல. ஆனால் 'மீண்டும்' என்று நிரூபிக்க முதல் மீறல் பதிவில் இருக்க வேண்டும். நாம் புகாரே கொடுக்காவிட்டால் அந்தப் பதிவு எங்கிருந்து வரும்?

ஆகவே புகாரை எப்படி எழுதுவது என்பதே முக்கியம். 'உங்கள் ஆப்பைப் பயன்படுத்த முடியவில்லை' என்று எழுதினால், ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள் என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. 'பணம் அனுப்பும் பக்கத்தில் தொகைக்குக் கீழே உள்ள மூன்று பட்டன்களையும் டாக்பேக் ஸ்கிரீன் ரீடர் வெறும் "பட்டன்" என்றே வாசிக்கிறது. எது உறுதிசெய்வது, எது ரத்து செய்வது என்று தெரியவில்லை' என்று எழுதினால் அது நேராகத் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போக வேண்டிய புகார். எந்தப் பக்கம், எந்தப் படி, எந்த ஸ்கிரீன் ரீடர் (என்விடிஏவா டாக்பேக்கா), எந்த பிரவுசர், என்ன தேதி என்பதையும் சேருங்கள். திரையை ஒலியோடு பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கு எண்ணும் ஓடிபியும் அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசியதோடு விட்டுவிடாமல் மின்னஞ்சலில் எழுதி, புகார் எண்ணை வாங்குங்கள். 'இந்த ஒரு முறை நாங்களே முடித்துத் தருகிறோம்' என்றால், அவசர வேலையை முடித்துக்கொள்ளுங்கள். புகாரைத் திரும்பப் பெறாதீர்கள். அடுத்து வருபவருக்கும் அதே பட்டன்தான் காத்திருக்கும்.

பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமோ, டெல்லியில் உள்ள தலைமை ஆணையரிடமோ போகலாம். சாட்சியை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இவர்களுக்கும் உண்டு. இவர்கள் பரிந்துரை செய்தால், அதைப் பெற்ற அமைப்பு எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஒரு தனியார் மருத்துவ ஆப் மீது பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவர் கொடுத்த புகாரில், அணுகல் வசதி தரும் கடமை தனியாருக்கும் உண்டு என்று 2022இலேயே தலைமை ஆணையர் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை ஒரு தளம் உங்களைப் பாதியில் நிறுத்தினால், யாரையும் கூப்பிடும் முன் அன்றே ஒரு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள்.