பெரிய மேடையும் புதிய கலையும்



ஒரு நிகழ்த்துகலை அரங்கம் தன் ஆண்டு நிகழ்ச்சிப் பட்டியலை வெளியிடும்போது, எந்தக் கலைஞர் எந்த நாளில் மேடையேறுகிறார் என்பதையே பெரும்பாலோர் அதில் தேடுகிறார்கள். அந்தப் பட்டியலை அமைத்தவர் யார், எந்த நோக்கத்தோடு, எத்தனை ஆண்டு முன்யோசனையோடு அமைத்தார் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. காலம் ஏற்றுக்கொண்ட பழைய படைப்புகளை மட்டும் அளிக்கும் அரங்கத்தில் அக்கேள்வி அவ்வளவு முக்கியமன்று எனலாம். சமகாலக் கலையின் நிலை வேறு. இன்று வாழும் கலைஞர்கள், இன்னும் பெயரும் இலக்கணமும் உறுதிப்படாத வடிவங்களில் ஆக்கிக்கொண்டிருக்கும் கலை அது. ஆகவே அங்கே நிகழ்ச்சிகளைத் தெரிவுசெய்பவரின் முடிவு, ஒரு படைப்பு உருப்பெறுமா பெறாதா என்பதையே பல நேரங்களில் தீர்மானித்துவிடுகிறது. இதைத் தெளிவாகக் காட்டும் வரலாறு, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள புரூக்ளின் அகாடமி ஆஃப் மியூசிக் என்ற அரங்கத்துக்கு உண்டு.

1861இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் முதற்கட்டடம் 1903இல் தீக்கிரையானது; இன்றைய கட்டடம் 1908இல் திறக்கப்பட்டது; அதன் ஆப்பரா அரங்கில் ஏறத்தாழ 2,100 பேர் அமரலாம். 1967இல் ஹார்வி லிக்டென்ஸ்டைன் அதன் பொறுப்பை ஏற்றபோது, புரூக்ளினின் நடுத்தரக் குடும்பங்கள் பல புறநகர்களுக்குக் குடிபெயர்ந்திருந்தன, நகரின் மற்றொரு பகுதியான மான்ஹாட்டனில் வாழ்ந்தோர் கலை நிகழ்ச்சிக்காக ஆற்றைக் கடந்து அங்கே வரும் வழக்கம் அற்றுப்போயிருந்தது, புகழ்பெற்ற இசைக்குழுக்களையும் ஆப்பராக்களையும் லிங்கன் சென்டர், கார்னகி ஹால் ஆகிய மான்ஹாட்டன் அரங்கங்கள் தம்வசம் வைத்திருந்தன. இளமையில் நவீன நடனக் கலைஞராக இருந்த லிக்டென்ஸ்டைன், அவ்வரங்கங்கள் தயங்கி விட்டுவைத்தவற்றைத் தம் மேடைக்கு அழைத்தார். 1968இல் லிவிங் தியேட்டர் நாடகக் குழுவின் கலகக் குரல் அங்கே ஒலித்தது. 1973இல் நாடக இயக்குநர் ராபர்ட் வில்சன், ஸ்டாலினின் வாழ்வைப் பெயரில் தாங்கிய, இரவெல்லாம் நீண்டு ஏறத்தாழ 12 மணி நேரம் நடந்த ஒரு படைப்பை அங்கே நிகழ்த்தினார். கூட்டம் நிறையவில்லை என்பதற்காக அத்தகைய கலைஞர்களை லிக்டென்ஸ்டைன் கைவிடவில்லை என்பதே இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

ஏனெனில் பெரிய மேடை ஒருமுறை கிடைப்பது மட்டும் ஒரு புதிய படைப்பைக் காப்பாற்றுவதில்லை. வில்சனும் இசையமைப்பாளர் பிலிப் கிளாஸும் சேர்ந்து உருவாக்கிய ‘ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்’ என்ற ஆப்பரா, 1976ஆம் ஆண்டு பிரான்சின் அவிஞோன் விழாவில் அரங்கேறி, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நிகழ்ந்தது. கதை என்ற ஒன்றில்லாமல், எண்களையும் சுரப்பெயர்களையும் பாடகர்கள் திரும்பத் திரும்பப் பாட, இடைவேளையின்றி ஐந்து மணி நேரத்துக்கு அருகே நீளும் அப்படைப்புக்கு அரங்கு நிறைந்தது. ஆயினும் அரங்கத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் கலைஞர்களே. இருக்கைகள் நிறைந்தும் செலவு மிஞ்சியதால் பெருங்கடன் அவர்கள் தலையில் விழுந்தது, கிளாஸ் மீண்டும் வாடகைக் கார் ஓட்டப் போனார். வாடகைக்கு விடும் அரங்கம், கலைஞரிடமிருந்து பணம் பெற்றுக்கொண்டு நட்டத்தை அவரிடமே விட்டுவிடுகிறது. வழங்கும் அரங்கமோ கலைஞருக்கு ஊதியம் தந்து நட்டத்தைத் தானே ஏற்கிறது. சமகாலக் கலை பிழைப்பது இந்த இரண்டாம் வகை அரங்கங்களால்தான். 1984இல் புரூக்ளின் அகாடமி அந்த ஆப்பராவைத் தன் செலவில் மீண்டும் மேடையேற்றியது; 1992இலும் அதற்கு இடமளித்தது.

இதற்கிடையே 1981இல் ‘நெக்ஸ்ட் வேவ்’ என்ற பெயரில், அதாவது ‘அடுத்த அலை’ என்ற பொருளில், ஒரு தொடர் தொடங்கி, 1983இல் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நடக்கும் விழாவாக விரிந்தது. அதன் நுட்பம் சந்தா முறையில் இருந்தது. சந்தா என்பது பல நிகழ்ச்சிகளுக்கான நுழைவுச்சீட்டுகளை ஒருசேரக் குறைந்த விலையில் முன்கூட்டியே விற்பது. அறிந்த பெயர் ஒன்றுக்காகச் சந்தா வாங்கியவர், அறியாத பெயர்கள் சிலவற்றையும் காண வந்தார். நாளடைவில் கலைஞரின் பெயரைப் பாராமல், விழாவின் பெயரை நம்பியே வரும் ஒரு பார்வையாளர் கூட்டம் உருவாயிற்று. முதல் தொடரிலேயே, காந்தியடிகளின் தென்னாப்பிரிக்கப் போராட்ட ஆண்டுகளைப் பொருளாகக் கொண்டு, பகவத் கீதையின் சமஸ்கிருத சுலோகங்களையே பாடலாக வைத்து கிளாஸ் அமைத்த ‘சத்யாகிரஹா’ இடம்பெற்றது. அப்போராட்டத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏற்ற பங்கை அறிந்த வாசகருக்கு, புரூக்ளின் மேடையில் அது ஒலித்தது என்ற செய்தி தனி நெருக்கம் தரக்கூடும்.

1983ஆம் ஆண்டு விழாவில் நிகழ்ந்த இரண்டு படைப்புகள் கலைப் பிரிவுகளைக் கடந்து தெரிவுசெய்யும் அணுகுமுறையின் பயனை நேரடியாகக் காட்டுகின்றன. முதலாவது, டிரிஷா பிரவுன் அமைத்த ‘செட் அண்ட் ரீசெட்’ என்ற நடனம். 1970களின் தொடக்கத்தில் கட்டடக் கூரைகளிலும் அருங்காட்சியகச் சுவர்களிலும் நடனத்தை நிகழ்த்திக் காட்டியவர் அவர். இங்கே இசையை லாரி ஆண்டர்சனும், மேடைக் காட்சியையும் உடைகளையும் ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க்கும் ஆக்கித் தந்தார்கள். பக்கத்திரைகள், அதாவது ஆடி முடித்தவர் ஒதுங்கி மறையும் ஓரத்துணிகள், ஊடுருவிப் பார்க்கத்தக்க மெல்லிய துணியால் ஆனவை. ஆகவே மேடையைவிட்டு நீங்கிய ஆட்டக்காரர் மறையாமல், மூச்சு வாங்கி அடுத்த நுழைவுக்குக் காத்து நிற்பதும் பார்வையாளர் கண்ணில் பட்டது. மறைப்பதற்கென்றே இருந்த இடம் ஆட்டத்தின் பகுதியாயிற்று. இரண்டாவது, லீ புருயரும் பாப் டெல்சனும் ஆக்கிய ‘தி காஸ்பல் அட் கொலோனஸ்’. சோஃபக்ளீஸின் பழங்கிரேக்க நாடகம் அதில் கறுப்பின மக்களின் தேவாலய வழிபாடாக உருமாற, பார்வையற்ற ஈடிபஸ் மன்னனின் பாத்திரத்தை, பார்வையற்ற பாடகர்களைக் கொண்ட புகழ்பெற்ற காஸ்பல் (தேவாலயப் பக்திப்பாடல்) குழு ஒன்று கூட்டாகப் பாடி நடித்தது. நடனம், நாடகம், இசை என்று அரங்கத்தின் அலுவலகம் தனித்தனிப் பிரிவுகளாகவே தெரிவுசெய்திருந்தால் இவ்விரண்டும் எப்பிரிவிலும் அடங்கியிரா.

இத்தகைய படைப்புகள் நுழைவுச்சீட்டு வருவாயால் மட்டும் நிற்பதில்லை. அறக்கட்டளைகள், அரசின் கலை நிதி, வணிக நிறுவனங்கள் ஆகியவற்றின் உதவி வேண்டும். ‘நெக்ஸ்ட் வேவ்’ விழாவுக்குப் பல ஆண்டுகள் பெரும் ஆதரவாளராக இருந்தது பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம். துணிச்சலான கலைக்கு அந்தப் பணம் உதவியது என்பதும், அந்த நிறுவனம் அக்கலையின் வழியே தன் பெயருக்கு மெருகேற்றிக்கொண்டது என்பதும் இரண்டுமே உண்மை; ஓர் அரங்கத்தின் பட்டியலைப் படிக்கும்போது அதன் அடியில் சிறு எழுத்தில் அச்சாகும் ஆதரவாளர் பெயர்களையும் படிப்பது அவசியம்.

அரங்கின் உருவமும் தெரிவின் ஒரு பகுதியே. நாடக இயக்குநர் பீட்டர் புரூக்கின் ‘மகாபாரதம்’ 1987இல் நியூயார்க்குக்கு வரவிருந்தபோது, ஆப்பரா அரங்கம் அதற்குப் பொருந்தாது என்று கருதி, 1904இல் கட்டப்பட்டு 1968 முதல் மூடிக்கிடந்த மெஜஸ்டிக் தியேட்டர் என்ற அண்டைக் கட்டடத்தை லிக்டென்ஸ்டைன் நகர நிர்வாகத்தின் உதவியோடு சீரமைக்கச் செய்தார். கட்டடக் கலைஞர் ஹியூ ஹார்டி, உரிந்த சுண்ணத்தையும் காலத்தின் கறையேறிய சுவர்களையும் பூசி மறைக்காமல் அப்படியே விட்டுவைத்தார். இருக்கைகள் மேடையை நெருங்கி அமைந்தன. மேடையில் மண் பரப்பி, குளமும் சிற்றோடையும் அமைத்து, ஒன்பது மணி நேர நாடகத்தை நிகழ்த்தினார்கள். பல நாட்டு நடிகர்கள் கூடிய அக்குழுவில் திரௌபதியாக நடித்தவர் மல்லிகா சாராபாய். மேற்கே பெரிதும் போற்றப்பட்ட அந்த நாடகம், காவியத்தை அதன் மண்ணிலிருந்தும் வழிபாட்டு மரபிலிருந்தும் பிரித்தெடுத்துவிட்டது என்று இந்திய அறிஞர் ருஸ்தம் பரூச்சா கடுமையாக மறுத்தெழுதினார். அந்த மறுப்புக்கு வலுவுண்டு. பிற பண்பாட்டின் செல்வத்தை மேடைக்கு அழைக்கும் அரங்கம், அப்பண்பாட்டின் மக்கள் கேட்கும் கேள்விகளுக்கும் இடம் தரக் கடமைப்பட்டது. நிகழ்ச்சித் தெரிவு பற்றிய பாடநூல்களில் இக்கடமை இன்னும் விரிவாகப் பேசப்பட வேண்டும்.

32 ஆண்டுகள் பொறுப்பிலிருந்த லிக்டென்ஸ்டைன் 1999இல் ஓய்வுபெற்றபோது மெஜஸ்டிக் தியேட்டருக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது; கலைத் தெரிவை ஜோசப் மெலில்லோ ஏற்றார். புகழ்பெற்ற பழைய நண்பர்களையே ஆண்டுதோறும் அழைத்துக்கொண்டிருந்தால், புதியதை நாடிய விழா மெல்ல நினைவு விழாவாக மாறிவிடும் என்ற இடர், இத்தகைய எல்லா நிறுவனங்களுக்கும் உண்டு. இரண்டாயிரம் இருக்கைகளை நிரப்ப வேண்டிய மேடையில், பெயர் தெரியாத ஓர் இளங்கலைஞரை ஏற்றுவது அவருக்கே தீங்காகவும் முடியலாம். 2012 செப்டம்பரில் ‘ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்’ மூன்றாம் முறையாக அந்த ஆப்பரா அரங்குக்குத் திரும்பியபோது, அதே மாதத்தில் பக்கத்துக் கட்டடத்தில் ஏறத்தாழ 250 இருக்கைகள் மட்டுமே கொண்ட புதிய அரங்கம் ஒன்றையும் புரூக்ளின் அகாடமி திறந்தது. இருக்கைகளை இடம்மாற்றி ஒவ்வொரு படைப்புக்கும் ஏற்ப வடிவமைத்துக்கொள்ளத்தக்க அந்தச் சிறு கூடம், பெரிய மேடைக்கு இன்னும் ஆயத்தமாகாதவர்களின் முயற்சிகளுக்கென அமைந்தது.